எஸ்தர் டீச்சருக்கு மட்டும் போகாத அழைப்பு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அடுத்தவர் ஃபவுண்டரியில் மணல் சலித்த இந்தக் கையால் சொந்த ஃபவுண்டரி வைத்தேன். பம்ப்செட் பட்டறை வைத்தேன். அன்னூர் ரோட்டில் ஆடு மேயக்கூட லாயக்கில்லாத கல்லுக்காட்டை வாங்கி, வெடி வைத்துப் பாறையைப் பிளந்து, அந்தக் கல்லையே அஸ்திவாரத்துக்குப் போட்டு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடம் கட்டினேன். தண்ணீர் வராது என்று மூன்று பேர் சத்தியம் செய்த இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் வரவழைத்தேன். டவுன் பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் பள்ளி பஸ் விட்டேன். இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவன் கட்டிய பள்ளியில் படித்துவிட்டு, டாக்டராகவும் இன்ஜினியராகவும் போன பிள்ளைகள் ஏராளம்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவது வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சும்மாவா கிடைத்தது?

போன வாரம் ஃபவுண்டரிக் கதையை எழுதியதும், "பள்ளிக்கூடம் நடத்துவதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று பல்லடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், இந்தச் சித்திரையில் அவிநாசி ரோட்டு ஹோட்டல் ஒன்றில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஏசி ஹாலில் ஒரு பெயர்

பள்ளித் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் ஒருநாள் பயிற்சி. பள்ளியைத் திறமையாகத் தலைமை தாங்கி நடத்துவது எப்படி என்பது தலைப்பு. இப்போது தாளாளராக இருப்பது என் மகன் செந்தில். "ஊட்டுல சும்மா உக்காந்திருக்கறதுக்கு நீங்களும் வாங்கப்பா" என்று இழுத்துக்கொண்டு போனான்.

வெளியே தார் உருகும் வெயில். உள்ளே மார்கழிக் குளிர். துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டேன். கோட்டுப் போட்ட ஒரு தம்பி முதலில் பேசினார். முழுக்க இங்கிலீஷ். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க."

அந்தக் குரலைக் கேட்டதும் விழித்துவிட்டேன். மைக் முன்னால் எஸ்தர் டீச்சர் நின்றிருந்தார். எங்கள் பள்ளியில் பல வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்தவர். தலை முழுக்க வெளுத்திருந்தது. கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் பள்ளிக்கூடமே அடங்கும். அந்தப் பார்வை மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டு வருஷமாக அவரை நான் பார்க்கவில்லை. போனிலும் பேசவில்லை.

அவருக்குப் பின்னால் சுவர் உயரத் திரை. அதில் கொட்டை எழுத்தில் ஒரு வரி வந்தது: 'பழனாத்தாள் அம்மா முறை.'

பழனாத்தாள் என் மனைவி. எங்கள் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெங்கும் அச்சில் வராத பெயர், அத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவில் சினிமா படம் மாதிரி பளபளவென்று நின்றது. துண்டால் மூக்கைத் துடைத்தேன். குளிர்தான் என்று செந்தில் நினைத்திருப்பான்.

ஆள் வராத ஜூன் மாதம்

அது என்ன முறை என்று சொல்லிவிடுகிறேன்.

பள்ளி ஆரம்பித்த புதிதில் ஒரு ஜூன் மாதம். திறப்பு நாளன்று பிள்ளைகள் எல்லாம் புதுப் பையோடு வந்துவிட்டார்கள். வாத்தியார்களில் பாதிப் பேரைக் காணோம். லீவில் போனவர்கள் வேறு பள்ளிகளில் சேர்ந்துகொண்டார்கள். தபாலில் போட்ட கடிதத்துக்குப் பதில்கூட இல்லை. மூன்றாம் வகுப்பில் யாருமில்லாமல் நானே போய் நின்று, பம்ப்செட் எப்படித் தண்ணீர் இழுக்கிறது என்று மத்தியானம் வரை பாடம் நடத்தினேன். நன்றாகத்தான் நடத்தினேன். அது வேறு விஷயம்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். பழனாத்தாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, உங்க தங்கச்சி ஊட்டுக் கல்யாணத்துக்குப் போன்ல கூப்பிட்டாங்கன்னு போகமாட்டேன்னீங்களே, யாவகம் இருக்குதுங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன? நேர்ல வந்து கூப்பிடோணுமில்ல? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"அந்த மரியாதை வாத்தியாருங்களுக்கு வேண்டாமாக்கும்? நம்ம ஊட்டு விசேஷம் மாதிரிதானுங்க பள்ளிக்கூடந் தொறக்கறது. புருசனும் பொண்டாட்டியும் ஒட்டுக்காப் போயி, தட்டு வெச்சுக் கூப்பிட்டா வராமப் போயிருவாங்களா?"

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். அவள் சொன்னாள் என்பதற்காக ஒத்துக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கே அந்த எண்ணம் லேசாக இருந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

ஸ்கூட்டரில் போன தாம்பாளம்

அடுத்த வைகாசியிலிருந்து வருஷம் தவறாமல் போனோம். நான் ஸ்கூட்டரை ஓட்ட, அவள் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து, மடியில் தாம்பாளத்தை வைத்து முந்தானையால் மூடிக்கொள்வாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கல்கண்டு, மல்லிகைப்பூ, குங்குமச் சிமிழ். சாரதா மில் ஸ்டாப்பில் இருந்தவர் வீடா, காரமடையில் இருந்தவர் வீடா, விலாசம் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. ரோட்டில் வேகத்தடை வந்தால், "மெல்லப் போங்க, பழம் உருளுது" என்று முதுகில் ஒரு தட்டு தட்டுவாள். பின்னாலிருந்து மல்லிகை வாசமும் பெட்ரோல் வாசமும் கலந்து வரும். இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் கார் நின்றால் எனக்குப் பாதி வாசம்தான் வருகிறது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்ற மாதிரி தட்டை மாற்றத் தெரியும் அவளுக்கு. எஸ்தர் டீச்சர் வீட்டுப் படியேறும் முன் குங்குமச் சிமிழை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். உக்கடத்தில் கணக்கு வாத்தியார் பஷீர் சார் வீட்டுக்கு வெற்றிலைக்குப் பதில் பேரீச்சம்பழம். முதல் வருஷம் நாங்கள் தட்டோடு சந்துக்குள் நுழைந்ததைப் பார்த்து பஷீர் சார் வாசலிலேயே கும்பிட்டுவிட்டார்.

"ஐயா, தட்டோட வந்திருக்கீங்க, எனக்கு ரெண்டாங் கல்யாணம் ஏதும் பேசி முடிச்சுட்டீங்களா? மெல்லப் பேசுங்க, உள்ள சம்சாரம் இருக்குது."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் வந்தது: "பேசி முடிக்கட்டும். அந்தப் புள்ளைக்காவது கணக்கு வருதான்னு பாப்போம்."

பழனாத்தாள் சிரித்த சிரிப்பில் தட்டே ஆடியது.

தட்டைக் கொடுத்ததும் அவள் உள்ளே அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் வெளியே மோரோ சர்பத்தோ குடித்துக்கொண்டிருப்பேன். வரும்போது ஸ்கூட்டரில் விஷயம் சொல்வாள். ஒரு சயின்ஸ் டீச்சரை, தினமும் லேட் என்று நான் நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறேன். அவர் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது, மாமியார் படுத்த படுக்கை. காலையில் அவருக்குத் துடைத்துவிட்டு, கஞ்சி கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறார். அந்த வருஷம் டைம்டேபிளில் அவருக்கு முதல் பீரியடைக் காலியாக விடச் சொன்னேன். அவர் ரிட்டையர் ஆகும்வரை எங்கள் பள்ளியை விட்டுப் போகவில்லை.

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஆளைப் புரிந்துகொள்ள முடியாது. வீட்டு அடுப்படி வரை போனால்தான் முடியும். இதைத்தான் எஸ்தர் டீச்சர் அன்று ஹாலில் அழகாகச் சொன்னார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். கோட்டுப் போட்ட தம்பியும் எடுத்தார்.

டீச்சரும் நானும்

எஸ்தர் டீச்சருக்கும் எனக்கும் ஒத்துப்போன நாள் குறைவு. சத்தியமங்கலத்தில் கரும்பு வெட்டப் போன குடும்பத்தில் பிறந்து, சர்ச் ஹாஸ்டலில் தங்கிப் படித்து மேலே வந்தவர். என்னைப் போலவே வைராக்கியம். அதனால் இரண்டு பேரும் தினம் முட்டிக்கொள்வோம்.

ஒரு ஆசிரியர் தப்புச் செய்தால் நான் ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சத்தம் போடுவேன். டீச்சர் இன்டர்வெல் நேரத்தில் அந்த ஆசிரியரோடு மைதானத்தை ஒரு சுற்று நடப்பார். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் ஊர்க்கதை பேசுவது போல இருக்கும். சுற்று முடியும்போது ஆசிரியர் முகம் கழுவப் போவார். அடுத்த நாளிலிருந்து அந்தத் தப்பு நடக்காது.

"இத்தனை மெதுவாச் சொன்னா மண்டையில ஏறுமாங்க?" என்று கேட்டேன்.

"ஏறுதுங்களே ஐயா. உங்க சத்தம் வாசல்ல இருக்கற வாட்ச்மேனுக்குத்தான் ஏறுது. பாவம், ஒவ்வொரு தடவையும் அவர்தான் எந்திரிச்சு நிக்கறாரு."

வாதம் முற்றினால் டீச்சர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பழனாத்தாள் தோசை வார்த்துப் போடுவாள். எனக்கு மட்டும் தட்டு வராது. "டீச்சர் சொன்னதுக்குச் சரின்னு சொல்லுங்க, உங்களுக்கும் ஊத்தறேன்" என்பாள். பள்ளி நிர்வாகக் குழுவின் பெரிய தீர்மானங்கள் பலவும் அந்த அடுப்படியில்தான் நிறைவேறின. இப்போது செந்தில் கண்ணாடிக் கதவு போட்ட மீட்டிங் ரூம் கட்டியிருக்கிறான். அதில் தோசை வாசம் இல்லை. யாரும் யாரோடும் சண்டை போடுவதும் இல்லை. மூன்று பேர் உட்கார்ந்து ஒருவர் முறைத்து ஒருவர் சிரித்த அந்த அடுப்படிக்காக மனது அடித்துக்கொள்கிறது.

போகாத அழைப்பு

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மாசியில் பழனாத்தாள் போய்விட்டாள். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

துக்க வருஷத்தில் மங்கலத் தட்டு தூக்கி நாலு வீடு ஏறக் கூடாது. வைகாசி வந்தது. செந்தில், "மெசேஜ் அனுப்பிக்கறேனுங்கப்பா" என்றான். எல்லா ஆசிரியர்களுக்கும் வாட்ஸ்அப்பில் போனது.

"எஸ்தர் டீச்சருக்கு மட்டும் அனுப்பிப்போடாத" என்று சொன்னேன்.

"ஏனுங்கப்பா?"

"அவங்க நம்ம ஊட்டு ஆளு. மெசேஜ்ல கூப்பிட்டா அவமரியாதை."

சொந்த வீட்டு ஆளை யாராவது செல்போனில் அழைப்பார்களா? தட்டோடு போக முடியவில்லை என்றால் சும்மா இருப்பதுதான் முறை. டீச்சர் தானாக வருவார். எனக்குச் சந்தேகமே இல்லை.

திறப்பு நாளன்று காலை கேட்டில் நின்றேன். பஸ்கள் வந்தன. ஆசிரியர்கள் வந்தார்கள். பிரேயர் பெல் அடித்தது. டீச்சர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சரி, நம் வீட்டில் இப்படி நடந்த நேரத்தில் பெரிய பள்ளி ஏதோ இழுத்துக்கொண்டது, சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார் என்று நினைத்தேன். நானாகப் போன் செய்து கேட்பேனா? என்னிடம் அது நடக்காது.

அதன்பின் பள்ளிக்கு இரண்டு தலைமை ஆசிரியர்கள் வந்து போய்விட்டார்கள். மூன்றாமவர் இந்த மே மாதத்தோடு கிளம்புகிறார். ஆசிரியர்களும் லீவு விட்டால் திரும்புவதில்லை. ரிசல்ட் இறங்கிவிட்டது. நான் பாறையை உடைத்துக் கட்டிய பள்ளி கண் முன்னால் கரைகிறது. எஸ்தர் டீச்சர் திரும்பி வந்தால்தான் நிற்கும். அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் ஓடியது அது ஒன்றுதான்.

சோற்று வரிசையில்

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் தட்டேந்தி வரிசையில் நின்றோம். டீச்சர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஐயா நல்லா இருக்கீங்களா? இளைச்சுட்டீங்க."

"இருக்கேனுங்க. நீங்க எந்த ஸ்கூலுங்க இப்ப?"

"எந்த ஸ்கூலும் இல்லீங்க. ஊட்டுலதான் இருந்தேன். இப்ப ஆறு மாசமாத்தான் இப்பிடிப் பயிற்சிக்குக் கூப்பிடறாங்க."

எனக்குக் கை நின்றுவிட்டது. "பொறகு ஏனுங்க வரலை?"

டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னைய வேண்டான்னுதானுங்களே விட்டீங்க?"

"நானா?"

"அம்மா போன துக்கம், நீங்க தட்டு தூக்க மாட்டீங்கன்னு தெரியுமுங்க. ஆனா எல்லா டீச்சருக்கும் மெசேஜ் வந்துச்சு. பஷீர் சார் எனக்குப் போன் பண்ணி, 'உங்களுக்கும் வந்துதுங்களா'ன்னு கேட்டாரு. திறப்பு நாளுக்கு முன்னாடி நாள் வரைக்கும் போனைக் கையிலயே வெச்சிருந்தேன். எனக்கு மட்டும் வரலீங்க. அம்மா இருக்கற வரைக்குந்தான் நமக்கு எடம்னு நெனச்சுட்டேன்."

"அட, உங்களுக்கு மெசேஜ் அனுப்பறதாங்க? நீங்க என்ன அந்நியமா? மரியாதைக்காக அனுப்ப வேண்டான்னேன்!"

பின்னால் நின்றவர், "சார், கொஞ்சம் நகருங்க, சாம்பார் ஆறுது" என்றார்.

டீச்சர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. "ரெண்டு வருசமுங்கய்யா," என்றார். "அம்மா இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் தோசை குடுத்திருக்க மாட்டாங்க."

"போனது போகட்டுமுங்க. இந்த ஜூனுக்கு வந்துருங்க. பள்ளிக்கூடம் கெட்டுப்போச்சு."

"அது சரி. பொரியல் வாங்கற வரிசையில நின்னுட்டுக் கூப்பிடறீங்களே, இதுதானுங்களா முறை?"

சத்தியமங்கலம் வரை

அடுத்த வாரம் போனேன். மருமகள் தட்டைத் தயார் செய்து தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானே பூ மார்க்கெட் போனேன். எவ்வளவு பூ வாங்க வேண்டும் என்று தெரியவில்லை. பூக்காரம்மா, "கோயிலுக்குங்களா, கல்யாணத்துக்குங்களா?" என்று கேட்டார். ஒரு பெரிய பந்தாக வாங்கி வந்தேன்.

காரில் டிரைவர் முன்னால், நான் பின்னால். தாம்பாளம் என் மடியில். புளியம்பட்டி தாண்டும்வரை அதைப் பிடித்துக்கொள்ளும் விதமே பிடிபடவில்லை. பிரேக் போட்டால் பழம் உருள்கிறது. பழத்தைப் பிடித்தால் பாக்கு சரிகிறது. இரண்டு கைமுட்டியும் வலித்தன. இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி இந்த வேலையைச் செய்துகொண்டே கதையும் பேசி வந்திருக்கிறாள்.

டீச்சர் வீடு பவானிக் கரைக்குப் பக்கம். படியேறும் முன் குங்குமச் சிமிழ் இருக்கிறதா என்று தட்டில் தேடினேன். நான் வைக்கவே இல்லை. நல்லதாகப் போயிற்று.

டீச்சர் வாசலுக்கு வந்து நின்றார். நான் தட்டோடு நின்றேன். அப்போதுதான் உறைத்தது. அழைப்புச் சொல்வது எப்போதும் பழனாத்தாள். நான் பக்கத்தில் நின்று "ஆமாங்க" என்பேன். அவ்வளவுதான் என் வசனம். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. ஆற்றுக் காற்று அடித்தது. கடைசியில் அவள் சொல்வதையே சொன்னேன்.

"பள்ளிக்கூடந் தொறக்கறோமுங்க அம்மணி. நீங்க வந்து நடத்திக் குடுக்கோணும்."

"ஆமாங்க" என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

டீச்சர் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: "தட்டை வாங்கிட்டேனுங்க. ஆனா தலைமை ஆசிரியையா என்னால வர முடியாதுங்கய்யா. முட்டி ரெண்டும் போச்சு. மைதானத்தை ஒரு சுத்து நடக்க முடியாதவ அந்த நாற்காலியில உக்காரக் கூடாது."

எதையெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். கார் அனுப்புகிறேன் என்றேன். லிஃப்ட் வைக்கிறேன் என்றேன். மூன்றாவது தலைமை ஆசிரியரும் கிளம்புகிறார் என்றேன். முடியாதென்று தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் எதுக்குங்க? அங்க இருக்கற டீச்சருங்களை யாரு போயிக் கூப்பிட்டா? செந்திலும் உங்க மருமகளும் ஒட்டுக்காப் போகச் சொல்லுங்க. மெசேஜ் வேண்டாம். கெளம்பறேன்னு சொல்ற அந்த மூணாவது தலைமை ஆசிரியர் ஊட்டுக்கு மொதல்ல போகச் சொல்லுங்க. அடுப்படி வரைக்கும் போகச் சொல்லுங்க."

மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தலைமை ஆசிரியர் வீடு இருக்கும் காரமடைக்கு வழி கேட்டிருக்கிறாள்.

கடைசியாக ஒன்று

கிளம்பும்போது டீச்சரிடம் கேட்டே விட்டேன். "திரையில அவ பேர் மட்டும் போட்டிருந்தீங்களே. என் பேர்?"

"உங்க பேரா? சொன்னது அம்மா, தட்டு புடிச்சது அம்மா, அடுப்படியில விசாரிச்சது அம்மா. நீங்க என்ன பண்ணீங்கன்னு போடட்டுமுங்க?"

"ஸ்கூட்டர் ஓட்டுனது ஆரு?"

டீச்சர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. இந்த வார இதழை ஊர் ஊராகப் படிக்கிறார்கள் என்பதால் இங்கேயே எழுதி வைக்கிறேன். டீச்சரும் படிப்பார்.

பள்ளிக் கல்வெட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது. ஃபவுண்டரி போர்டில் என் பெயர் மட்டும். இப்போது அந்தத் திரையில் அவள் பெயர் மட்டும். எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து அச்சடித்தது எங்கள் கல்யாணப் பத்திரிகையில் ஒரே ஒரு தடவைதான். அதுவும் கறையான் அரித்துப் போய்விட்டது.

ஆகையால் டீச்சர், அடுத்த பயிற்சியில் 'பழனாத்தாள் அம்மா முறை' என்று மட்டும் போடக் கூடாது. 'பழனாத்தாளும் நாச்சிமுத்துவும் நேரில் வந்து அழைத்தார்கள்' என்று போட வேண்டும். எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே வரியில் இருக்க வேண்டும்.